கோட்டைக்குள் அரிசி இல்லை

“அரிசி இல்லைங்கறேன், திரும்பத் திரும்ப அதையே கேட்டா நான் என்ன செய்யறது?”

“எப்படிடா இல்லாமப் போகும்? ஆறு வருஷமா இதே பாட்டு!”

“ஆறு வருஷமா இல்லைக்கா! அதனாலதான் ஆறு வருஷமா சொல்றேன்!”

“அவ்வளவு பெரிய எடம், அத்தனை ஜனம், அரிசி இல்லையாம் அரிசி. கேக்கறவன் சிரிப்பான்!”

நாங்கள் இந்தக் கட்டடத்தின் தரைத்தளத்துக்குக் குடிவந்த மூன்றாம் நாள் அது. ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் வாசலுக்கு நேர் எதிரே, மாடிப்படிக்கு அந்தப் பக்கம், ஒரு தையல் கடை. சத்தம் அங்கிருந்துதான். ஒரு பெண் குரல், ஓர் ஆண் குரல். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆறு வருஷமாக அரிசி இல்லாமல் ஒரு குடும்பம் எதிரிலேயே தவிக்கிறது, நாம் இங்கே திரைச்சீலை மாட்டிக்கொண்டிருக்கிறோமே! என் வீட்டுக்காரர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, “நமக்கென்ன, சும்மா இரு” என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொல்லிவருகிற வாக்கியம் அது. நான் இன்னும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பெரிய கிண்ணம் ஒன்றில் அரிசியை அள்ளிக்கொண்டு போய்க் கடை வாசலில் நின்றேன்.

உள்ளே பத்துப் பேர். துணி வெட்டும் மேசையைச் சுற்றி, ஸ்டூலிலும் துணிமூட்டையிலுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் தலையணை கனத்தில் ஒரு புத்தகம். என்னைப் பார்த்தார்கள். என் கிண்ணத்தைப் பார்த்தார்கள். ஊசி விழுந்தால் கேட்கும் போலிருந்தது. தையல் கடை என்பதால் இரண்டு ஊசி விழவும் செய்தது. அப்புறம், இடுப்பில் ஸ்பானர் தொங்கிய ஒருவன் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் கூவினான்.

“பாருங்க! பொதுமக்களே அரிசி கொண்டு வந்துட்டாங்க! இதுக்கு மேல என்னக்கா சாட்சி வேணும்?”

அப்படித்தான் எனக்குச் ‘சாம்பலாறு’ அறிமுகம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அது ஒரு கதை. பேசும் மலை, பறக்கும் பாம்பு, பதினோரு ராஜ்ஜியம், யாருக்கு யார் சித்தப்பா என்று பார்க்கப் பின்னட்டையில் தனியாக ஒரு வரைபடம். பாகத்துக்கு எண்ணூறு பக்கம் வீதம் ஆறு பாகம் வந்திருந்தது. எழுதிய அம்மாள் எங்கேயோ இருக்கிறார். பேட்டி கிடையாது, போட்டோ கிடையாது. வாசகர்கள் நல்ல மனநிலையில் இருந்தால் அவர் ‘அம்மா’. ஏழாம் பாகம் இந்த வருஷமும் இல்லை என்று தெரிந்துவிட்டால் ‘அந்தம்மா’.

சண்டை ஆறாம் பாகத்தின் கடைசி வரியைப் பற்றியது. எதிரிப்படை மூன்று மாதமாகக் கோட்டையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. ஒற்றன் ஒருவன் சாக்கடை வழியாக உள்ளே போய்ப் பார்த்துவிட்டு ஓடிவந்து, தளபதியின் காலடியில் விழுந்து, மூன்றே வார்த்தை சொல்லிவிட்டு உயிரை விடுகிறான். முதல் பதிப்பில் அந்த மூன்று வார்த்தை: ‘கோட்டைக்குள் அரிசி இல்லை.’ ஆறு மாதம் கழித்து வந்த இரண்டாம் பதிப்பில்: ‘கோட்டைக்குள் அரசி இல்லை.’

ரி-யா, ர-வா? அவ்வளவுதான் விஷயம். ஆனால் அரிசி இல்லை என்றால் கோட்டை இரண்டே நாளில் விழும். அரசி இல்லை என்றால் அவள் தப்பித்துவிட்டாள், கதை வேறு பக்கம் திரும்பும். பதிப்பகத்துக்குக் கடிதம் போட்டால் ‘ஏழாம் பாகத்தில் தெரியும்’ என்று அச்சடித்த அட்டை ஒன்று வரும். அதனால் யார் எந்தப் பதிப்பை வாங்கினார்களோ அவர்கள் அந்தக் கட்சி.

அரசிக் கட்சிக்குத் தலைவி கடைக்காரி. எல்லாருக்கும் தையலக்கா. நாற்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை, கேட்டால் “ஏழாவது வரட்டும்” என்பாள். கடைத் திண்டுகள் எல்லாவற்றிலும் ‘அரசி எங்கே?’ என்று பூவேலை செய்து வைத்திருந்தாள். அரிசிக் கட்சிக்குத் தலைவன் அந்த ஸ்பானர்காரன். லிஃப்ட் பழுதுபார்ப்பது தொழில், அதனால் பெயரும் லிஃப்ட்டு. முப்பத்துச் சொச்சம் வயது. கை சுத்தம், வாய் நீளம். ஊரில் இருக்கிற உயரமான கட்டடத்துக்கெல்லாம் அவன்தான் வைத்தியன். எங்கள் கட்டடத்தில் லிஃப்டே கிடையாது.

“சோறு இல்லைன்னு சொல்றதுக்கு ஒருத்தன் உயிரை விடுவானாடா?” என்பாள் தையலக்கா.

“சோறு இல்லைன்னாதான்கா உயிர் போகும்!” என்பான் அவன்.

பந்தயமும் கட்டியிருந்தார்கள். ஏழாம் பாகம் வந்து யார் கட்சி தோற்கிறதோ அதன் தலைவர், மற்ற எல்லாரும் படித்து முடிக்கும் வரை புத்தகத்தைத் தொடக்கூடாது. எனக்கு இது ஒரு தண்டனையாகவே தெரியவில்லை. அவர்களுக்கு அதைச் சொல்லும்போதே முகம் வெளுத்தது.

லிஃப்ட்டுக்கு இன்னொரு சபதமும் உண்டு. “அந்த ரெண்டாம் பதிப்புல கை வச்சவன் மட்டும் என்கிட்ட மாட்டட்டும். லிஃப்ட்டுல ஏத்தி, நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல நிறுத்திட்டு, ஆறு பாகத்தையும் சத்தமா வாசிச்சுக் காட்டுவேன். இறக்கி விடவே மாட்டேன்.” எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அடுத்த வருஷம் மூன்றாவது மாடிக்கு ஒரு பெண் தனியாகக் குடிவந்தாள். முப்பது வயதுக்குள். காலையில் வேலைக்குப் போகிற மாதிரி தெரியவில்லை. ஆனால் வாரம் ஒரு கூரியர் வரும், ஒரு கூரியர் போகும். “என்னம்மா வேலை?” என்று கேட்டேன். “காகித வேலைக்கா” என்றாள். இது ஒரு பதிலா? எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அறிவிப்புப் பலகையில் வினோதம் ஆரம்பித்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர், ‘குழாயை திறந்து விட்டு போகாதீர்கள்’ என்று எழுதி ஒட்டுவார். மறுநாள் பார்த்தால் சிவப்பு மையில் ‘குழாயை’க்குப் பின்னால் ஒரு ‘த்’, ‘விட்டு’க்குப் பின்னால் ஒரு ‘ப்’ முளைத்திருக்கும். ‘குப்பையை படியில் கொட்ட கூடாது’ என்று ஒட்டினால் அதிலும் இரண்டு. செயலாளர் கொதித்துப்போனார். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு மூன்று நாள் காவல் இருந்தேன். மூன்றாம் நாள் காலை ஆறரைக்கு, பால் வாங்க இறங்கிய மூன்றாவது மாடிப் பெண், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, கொண்டைக்குள்ளிருந்து ஒரு சிவப்புப் பேனாவை உருவினாள்.

இப்படி நடுவில் போடுகிற புள்ளி எழுத்துக்கு ஒற்று என்று பெயர், பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். மறைந்திருந்து வேவு பார்ப்பதற்கும் ஒற்று என்றுதான் பெயர். போடுகிறவள் அவள், பார்க்கிறவள் நான். அன்றிலிருந்து என் மனசுக்குள் அவள் பெயர் ஒற்று.

குடிவந்த இரண்டாவது ஞாயிறே ஒற்று தையல் கடைக்கு வந்துவிட்டாள். ஆறு பாகமும் மனப்பாடம். ஆனால் எந்தக் கட்சி என்று கேட்டால், “நான் நடுவுல” என்று சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்வாள். லிஃப்ட்டு அவளை அரிசிக்கு இழுக்க ஒரு வருஷம் பாடுபட்டான். முதலில் வாதத்தால் இழுத்தான். அப்புறம் அவளுடைய தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினான். கூரியர் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு ஏறினான். கடைசியில் தூக்க ஒன்றுமே இல்லாமலும் ஏற ஆரம்பித்தான்.

“தம்பி, நீங்க மனசு வச்சா இந்தக் கட்டடத்துக்கு ஒரு லிஃப்ட் போட ஏற்பாடு பண்ணக்கூடாதா? எனக்கு முழங்கால் வலி உயிர் போகுது” என்று ஒரு நாள் மடக்கினேன்.

“லிஃப்ட்டுல மூணாவது மாடிக்குப் பதினோரு செகண்ட்தான்க்கா” என்றான் வருத்தமாக. அவர்கள் படியேறினால் அரைமணி நேரம் ஆகும். நான் கடிகாரம் பார்த்திருக்கிறேன்.

எட்டாவது வருஷம் அறிவிப்பு வந்தது. ‘சாம்பலாறு, ஏழாம் பாகம், இன்னும் மூன்று மாதத்தில்.’ தையலக்கா அந்தச் சந்தோஷத்தில் மருந்துக்கடைக்காரரின் சட்டைக்கு இரண்டு கையையும் இடக்கையாகவே தைத்துவிட்டாள். அவரும் அரசிக் கட்சி என்பதால் அப்படியே போட்டுக்கொண்டு போனார். அந்தம்மா ஒரே நாளில் அம்மா ஆனார்.

அடுத்த வாரம் கூரியர்காரர் என் கதவைத் தட்டினார். “மூணாவது மாடியில ஆள் இல்லைக்கா. நீங்க வாங்கி வச்சுக்கறீங்களா?” பெரிய பொட்டலம். ஓரம் தானாகவே கிழிந்திருந்தது. அதாவது கொஞ்சம் தானாகக் கிழிந்திருந்தது. மிச்சத்துக்கு நான் பொறுப்பு. உள்ளே கட்டுக்கட்டாகத் தாள். மேல் தாளில், ‘சாம்பலாறு 7. இறுதி மெய்ப்பு.’

முழங்காலாவது ஒன்றாவது. அவள் திரும்பி வந்த சத்தம் கேட்டதும் பொட்டலத்தோடு மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறிவிட்டேன்.

“என்னம்மா இது? காகித வேலையா இது?”

அவள் பொட்டலத்தைப் பார்த்தாள். கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டாள். நாற்காலியில் உட்காரப் போனவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அச்சுக்குப் போறதுக்கு முன்னால பிழை பாக்கறதுதான்க்கா என் வேலை. அப்போ எனக்கு இருபத்திரண்டு வயசு. முதல் வேலை, சேர்ந்து நாலாவது நாள். ஆறாம் பாகம் ரெண்டாம் பதிப்பு என் மேசைக்கு வந்துச்சு. ஒரு ஒற்றன் அவ்வளவு தூரம் ஓடி வந்து சாகப்போறான், அவன் போய் அரிசி இல்லைன்னா சொல்லுவான்? அச்சுப்பிழைன்னு நெனச்சேன். யாரையும் கேக்கல. ரி-யோட மேல்விலங்கை எடுத்துட்டேன்.”

“மேல்விலங்கா?”

“ரி-க்கு மேல ஒரு கோடு வளைஞ்சிருக்கே, அது. புத்தகம் வந்ததும் எழுதின அம்மா பதிப்பகத்துக்கு ஒரு கடுதாசி போட்டாங்களாம். அதுக்கப்புறம் பேச்சே இல்ல. உன்னாலதான் அவங்க பேனாவை மூடிட்டாங்கன்னு மேனேஜர் என்னை அனுப்பிட்டாரு. அன்னையிலேருந்து மருந்து டப்பாக்குள்ள வைக்கிற தாளுக்கும் கேள்வித்தாளுக்கும்தான் பிழை பாக்கறேன். நீங்க எல்லாரும் எட்டு வருஷமாக் காத்திருக்கீங்களே, அதுக்குக் காரணமே நான்தான்க்கா. கீழ அவர் லிஃப்ட்டு, நாலாவது மாடி, அஞ்சாவது மாடின்னு சொல்றப்பெல்லாம் எழுந்து ஓடிடலாமான்னு இருக்கும்.”

இப்போது தெரிந்துவிட்டது, அவளுக்குப் பயம் புத்தகத்தைப் பற்றி இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடும், அவன் போய்விடுவான் என்ற பயம். அது எனக்குப் புரியாதா? ஒரு வருஷமாகப் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவள் நான்.

பொட்டலத்துக்குள் பதிப்பகத்தின் சீட்டு ஒன்று: ‘ஆசிரியரின் விருப்பப்படி, ஆறாம் பாகத்தின் இரண்டாம் பதிப்பைத் திருத்திய அதே நபருக்கு.’ கூடவே ஒட்டிய உறை ஒன்று. அவள் அதைத் தொடவே மாட்டேன் என்றாள். “நீ பிரிக்கலைன்னா நான் பிரிப்பேன்” என்றேன். வெறும் மிரட்டல் இல்லை என்று அவளுக்குத் தெரியும். பிரித்தாள். நான் அவள் தோளுக்கு மேல் படித்தேன்.

‘பெண்ணே, நான் எழுதியது அரிசிதான். நீ அதை அரசி ஆக்கியதைப் பார்த்து ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. எட்டாம் நாள் ஒரு கேள்வி வந்தது. சரி, அரசி எங்கே போனாள்? எழுதி வைத்திருந்த ஏழாம் பாகத்தை தூக்கி போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். அரிசியை எடுத்துக்கொண்டு போனதே அவள்தான். இது எனக்கு தெரிய எட்டு வருஷம் ஆயிற்று. இதையும் நீயே திருத்து. ஆனால் இந்தத் தடவை எதையாவது மாற்றுவதென்றால் போன் பண்ணிக் கேட்டுவிட்டு மாற்று.’

கீழே போன் நம்பர்.

அழுதாள். சிரித்தாள். மறுபடி அழுதாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கொண்டையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, அம்மாவின் கடிதத்தில் விட்டுப்போன மூன்று ஒற்றையும் போட்டாள். தொட்டில் பழக்கம் மாதிரி கை தானாகப் போகிறது, என்ன செய்ய!

“போய் லிஃப்ட்டுகிட்டக் காட்டு. இதுக்கு மேல அவன் வாயத் தொறப்பானா?” என்றேன்.

“முடியாதுக்கா. புத்தகம் வர்ற வரைக்கும் கதையில ஒரு வார்த்தைகூட வெளிய சொல்லக்கூடாது. கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

“நான் போடலியே?”

“அக்கா!”

கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிவிட்டாள். என் வீட்டுக்காரரின் தம்பி தலைக்கு மை பூசுகிற விஷயத்தை அரைநாள்கூட உள்ளே வைத்திருக்க முடியாமல் போனவள் நான். இதை இரண்டரை மாதம் வைத்திருக்க வேண்டுமாம். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். தையலக்காவிடம் முதல் பாகத்தை இரவல் வாங்கினேன். கையில் புத்தகம் இருந்தால் யாரும் நம் வாயைப் பிடுங்கமாட்டார்கள். அதற்காகத்தான் பிரித்தேன். நூறாவது பக்கத்தில் மலை முதல் தடவையாகப் பேசுகிறது பாருங்கள், அன்று எங்கள் வீட்டில் குழம்பு தீய்ந்தது.

புத்தகம் வர ஒரு மாதம் இருக்கும்போது, யாருக்கு எத்தனை பிரதி என்று தையலக்கா பட்டியல் எடுத்தாள். ஆளுக்கு ஒன்று. லிஃப்ட்டு பென்சிலை வாங்கித் தன் பெயரை எழுதினான். பக்கத்திலேயே ஒற்றின் பெயரையும் எழுதினான். இரண்டுக்கும் சேர்த்து ‘1’ என்று போட்டான்.

தையலக்கா மிஷினிலிருந்து காலை எடுத்தாள்.

“ஒரு வீட்டுக்கு ஒண்ணு போதும்ல?” என்றான் லிஃப்ட்டு, பட்டியலைப் பார்த்துக்கொண்டே. காது மட்டும் தக்காளி நிறம். “நீ வேகமாப் படிப்ப. பக்கத்தைப் புரட்டாம எனக்காகக் கொஞ்சம் நிறுத்துவியா?”

இதைவிட ஒழுங்காக ஒரு வாசகன் எப்படிக் கேட்பான்? எனக்கே கண் கலங்கியது. ஆனால் ஒற்று எழுந்து நின்றாள். முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது.

“ரெண்டுன்னு எழுதிக்கோங்க.”

“ஏன்?”

“பொய்ய வச்சுக்கிட்டு உங்க பக்கத்துல உக்காந்து படிக்க முடியாது. எட்டு வருஷம் முன்னால அந்தக் கோட்டை அழிச்சது நான்தான்.”

“எந்தக் கோட்டை?” என்றான் அவன். பாவம், பதினோரு ராஜ்ஜியத்தையும் மனசுக்குள் தேடியிருப்பான். “கல்மூக்குக் கோட்டையா?”

“கோட்டை இல்ல! கோடு! ரி மேல இருந்த கோடு! ரெண்டாம் பதிப்புல கை வச்சது நான்!”

அவ்வளவுதான். விடுவிடுவென்று படியேறிப் போய்விட்டாள்.

முதலில் இடிந்துபோனது தையலக்காதான். “அப்ப அரசிங்கறது... பிழையா?” என்று கேட்டாள். எட்டு வருஷமாகப் பூவேலை செய்த திண்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டாள். ஜெயித்த லிஃப்ட்டுக்கோ ஜெயித்த மாதிரியே தெரியவில்லை. “ஒரு வருஷம். ஒரு வருஷமா என் எதுக்கவே உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்திருக்கா” என்றான். இரண்டு கட்சித் தலைவர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

என் நாக்கு நுனியில் அந்தக் கடிதம் முழுசாக நின்றது. ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். வாயைத் திறந்தேன்.

“என்னக்கா?” என்றான் லிஃப்ட்டு.

“இரண்டாம் பாகம் இருந்தா கொடுங்க” என்றேன்.

அதற்கப்புறம் வந்த ஞாயிறுகளில் லிஃப்ட்டும் வரவில்லை, ஒற்றும் வரவில்லை. கூரியர்காரர்தான் பொட்டலத்தைக் கொண்டுபோனார். போகிறபோது தையலக்காவின் முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று என்னை விசாரித்துவிட்டுப் போனார். செயலாளர், ‘மொட்டை மாடி கதவை பூட்ட கூடாது’ என்று ஒட்டினார். மூன்று ஒற்று குறைகிறது. ஒரு வாரம் அப்படியே இருந்தது.

எட்டாம் நாள் சாயங்காலம் லிஃப்ட்டு வந்தான். தையல் கடைக்குப் போகவில்லை, படியும் ஏறவில்லை. பலகை முன்னால் ரொம்ப நேரம் நின்றான். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு என்னவோ எழுதிவிட்டு ஓடிப்போனான். நான் போய்ப் பார்த்தேன். ‘மொட்டைம் மாடி.’ தேவையான மூன்று இடத்தை விட்டுவிட்டு, தேவையில்லாத ஒரே இடத்தில் போட்டிருக்கிறான்!

மறுநாள் காலை ஆறரைக்கு ஒற்று பால் வாங்க இறங்கினாள். பலகையைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது, அழுகையா சிரிப்பா என்று இங்கிருந்து தெரியவில்லை, திரையை இன்னும் கொஞ்சம் விலக்கினேன். சிரிப்புதான். சிவப்புப் பேனாவால் அந்த ‘ம்’ மேல் ஒரு கோடு இழுத்தாள். அப்புறம் என்ன தோன்றியதோ, இழுத்த கோட்டுக்குக் கீழே புள்ளிகள் வைத்தாள். பிழை பார்க்கிறவர்கள் பாஷையில் அதற்கு ‘இருக்கட்டும், விட்டுவிடு’ என்று அர்த்தமாம். இதைப் பின்னால்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

புத்தகம் ஒரு புதன்கிழமை வந்தது. கூரியர்காரர் பெட்டியைத் தோளில் தூக்கி வந்து வெட்டு மேசையில் இறக்கினார். தகவல் எப்படிப் பரவியதோ, பத்து நிமிஷத்தில் பத்துப் பேரும் ஆஜர். ஒற்றுதான் இறங்கி வரவில்லை. மருந்துக்கடைக்காரர் கடையைத் திறந்தபடி விட்டுவிட்டு வந்திருந்தார். லிஃப்ட்டு எங்கேயோ ஒரு லிஃப்டைப் பாதி கழற்றிப் போட்டுவிட்டு வந்தான். உள்ளே ஆள் யாரும் இல்லை என்று சத்தியம் செய்தான். தையலக்கா பெரிய கத்தரிக்கோலால் நாடாவை வெட்டினாள்.

முதல் பிரதியை லிஃப்ட்டு பிரித்தான். முதல் பக்கம் வெள்ளை. அடுத்த பக்கத்தில் இரண்டே வரி. அவன் சத்தமாக வாசித்தான்.

“ரி-யின் மேல்விலங்கைக் கழற்றி, என் அரசியை வெளியே விட்ட பெண்ணுக்கு.”

இது எனக்கே தெரியாது. ஒற்றுக்கும் தெரிந்திருக்காது; அவளுக்கு அனுப்பிய தாள்கட்டுக்குள் இந்தப் பக்கமே இல்லை. அந்தம்மா லேசுப்பட்ட ஆள் இல்லை.

“அப்ப நானும் ஜெயிச்சேனா?” என்றாள் தையலக்கா. மருந்துக்கடைக்காரர் அதற்குள் முதல் அத்தியாயத்தைப் புரட்டிவிட்டிருந்தார். “அரசி இல்லை. அரிசியும் இல்லை. ரெண்டும் ஒண்ணாத்தான் போயிருக்கு!” என்று கத்தினார். இரண்டு கட்சியும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டதில் பொத்தான் டப்பா கொட்டி, அதைப் பொறுக்குவதற்கே ஒரு மணி நேரம் ஆயிற்று.

லிஃப்ட்டு மட்டும் அங்கே இல்லை. தெருமுனைக் கடையிலிருந்து ஒரு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, என் ஜன்னலைத் தாண்டி, படியில் இரண்டு இரண்டாக ஏறினான். ஒரு மாடி இடைவெளி விட்டு நானும் ஏறினேன். பொறுப்பு என்று ஒன்று இருக்கிறதே.

மேலே கதவு திறந்தது.

“என்ன இது?”

“அரிசி.”

“எதுக்கு?”

“கோட்டைக்குள்ள இல்லைன்னு சொன்னாங்க.”

நான் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“என்மேல கோவம் இல்லையா?”

“இருந்துச்சு. எட்டு வருஷம் காத்திருந்தேன்னு நெனச்சா கோவம்தான் வருது. அந்தக் கோடு மட்டும் இருந்திருந்தா ஏழாவது சீக்கிரமா வந்திருக்கும், நானும் படிச்சு முடிச்சுட்டு எந்தக் கடைக்கும் வராம வீட்டுல கெடந்திருப்பேன்னு நெனச்சா...”

“அதுக்காக இவ்வளவு பெரிய மூட்டையா? ஒரு ஆளுக்கு எதுக்கு இவ்வளவு?”

“ஒரு ஆளுக்குன்னு யாரு சொன்னா?”

சரியாக அந்த நேரம் பார்த்து என் முழங்கால் சொடுக்கென்று சத்தம் போட்டது.

“அக்கா, மேல வாங்க!” என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில்.

பந்தயத்தில் யாரும் தோற்கவில்லை என்பதால் யார் கடைசியாகப் படிப்பது என்று ஒரு வழக்கு வந்தது. கையெழுத்தும் போடாமல், இரண்டரை மாதமாகத் தெரிந்தும் சொல்லாமல் இருந்த ஆள் யாரோ, அந்த ஆள்தான் என்று மருந்துக்கடைக்காரர் தீர்ப்புச் சொன்னார். நல்லதுக்குக் காலம் இல்லை. நான் அப்போது நாலாம் பாகத்தில் இருந்தேன், அதனால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனாலும் அவர்கள் ஏழாம் பாகத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு பாட்டுப் பாட வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரருக்கு இதில் அப்படி ஒரு சந்தோஷம்.

ஒற்றுக்கும் லிஃப்ட்டுக்கும் அடுத்த ஆறு மாதத்தில் கல்யாணம். பத்திரிகைக்கு அவளே பிழை பார்த்தாள், நாலு தடவை. ‘சுற்றமும் நட்பும் சூழ’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘குற்றமும் நட்பும் சூழ’ என்று அச்சாகி வந்தது. யாரையும் கேட்காமல் மாற்றக்கூடாது என்று இந்தத் தடவை விட்டுவிட்டாளாம். குற்றமும் நட்புமாக நாங்கள் எல்லாரும் போய்ச் சூழ்ந்து நின்றோம். அனுப்பியவர் முகவரி எழுதாத உறையில் ஒரு வாழ்த்து வந்திருந்தது. அதில் ஒற்று எல்லாம் சரியாக இருந்தது.

தையலக்கா, ஏழாவது வந்தால் பண்ணிக்கொள்கிறேன் என்றவள், வாக்கு மாறவில்லை. அடுத்த வருஷம் கூரியர்காரரைக் கட்டிக்கொண்டு, கடையைச் சந்தைத் தெருவுக்கு மாற்றிக்கொண்டு போனாள். அவர் ‘சாம்பலாறு’ ஒரு பக்கம்கூடப் படித்ததில்லையாம். “அதனாலதான் வீட்டுல சண்டை இல்ல” என்கிறாள். திண்டுகளை எனக்கே கொடுத்துவிட்டாள். எங்கள் வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும் ‘அரசி எங்கே?’ என்று கேட்கிறது. என் வீட்டுக்காரர் “யார் வீட்டு வாசல்ல நிக்கறாளோ” என்று என்னைச் சொல்கிறார்.

புதுத் தம்பதி ஊருக்கு அந்தப் பக்கம் ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் ஆறாவது மாடிக்குப் போய்விட்டார்கள். லிஃப்ட் இருக்கிறது, நன்றாகவும் ஓடுகிறது. இரண்டு பேரும் படியில்தான் ஏறுகிறார்கள் என்று அந்தக் கட்டடத்துக் காவலாளி சொன்னார். நான் சும்மா விசாரித்தேன்.

மூன்றாவது மாடிக்கு இப்போது ஒரு வயலின்காரர் வந்திருக்கிறார். அவர் கதை தனி. அறிவிப்புப் பலகையைத்தான் கவனிக்க ஆள் இல்லை. போகும்போது ஒற்று தன் சிவப்புப் பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். எங்கே ஒற்று மிகும், எங்கே மிகாது என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அதனால் எல்லா இடத்திலும் போட்டுவிடுகிறேன்.